முன்னால் போவது யார்?

ஷோல்பானின் அப்பா கரகண்டாப் பக்கம் புழுதிச் சாலையில் கமாஸ் லாரி ஓட்டியவர். அந்த லாரியில் ஏறித் திரிந்து வளர்ந்தவள்தான் எங்கள் விமான நிலையத்தின் தரவுத்தளத்தை மாற்றி எழுதினாள்.

பழைய அட்டவணையில் எந்த விமானத்துக்குப் பின்னாலும் அடுத்தது புறப்பட ஒரே இடைவெளி, மூன்று நிமிடம். தலைமை அதிகாரி துலேகன் போட்ட விதி. ஓடுபாதை சும்மா கிடக்கும், பயணிகள் எங்களைத் திட்டித் தீர்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஷோல்பான்தான் அவரிடம் போய், பெரியவர்களைக் கூப்பிடும் மரியாதையோடு "அகாய்" என்று அழைத்துச் சொன்னாள்.

"இடைவெளிய ஒரு விமானத்துக்குன்னு எழுதக்கூடாது, அகாய். முன்னாடி போறது எது, பின்னாடி வர்றது எதுன்னு ஜோடியா எழுதணும். பெரிய விமானம் பின்னாடி சுழல்காத்த விட்டுட்டுப் போகும், சின்னது அதுல மாட்டினா கவுந்துடும். லாரிக்குப் பின்னாடி கார் போனா புழுதி தின்னணும். காருக்குப் பின்னாடி லாரி போனா என்ன ஆயிடும்?"

"லாரிக்காரன் மக எனக்கு விமானம் சொல்லித் தர்றா!"

சிரித்துக்கொண்டே துலேகன், பெரிய விமானத்துக்கு ஒரு நிமிடம் பின்னால் சின்னதைப் பதிந்தார். தரவுத்தளம் மறுத்தது. வரிசையை மாற்றினார், ஏற்றுக்கொண்டது. முகம் சிவக்க, தன் தலைமை அனுமதியோடு பழைய வரிசையையே திரும்பப் பதிந்தார். மறுபடியும் மறுப்பு.

"நான் தலைமை அதிகாரிம்மா! என்னையே தடுக்குதே?"

"புழுதி என்ன, ஆள் பாத்தா அடிக்குது அகாய்?"

அறை முழுக்கக் கைதட்டினோம். மூன்று நிமிட விதியைத் துலேகன் தன் கையாலேயே அழித்தார்.