சார்ஜர் இல்லாமல் வந்த லப்டொப்

பதினாலு சவர்க்காரக் கட்டிகள். இன்றைக்கும் அந்த எண்ணிக்கையைச் சொல்லும்போது என் குரல் தானாக ஏறிவிடுகிறது. கனடாவிலிருந்து வந்த பெரியம்மாவின் பெட்டியில் பதினாலு சவர்க்காரக் கட்டிகளுக்கு இடமிருந்தது. என் லப்டொப்பின் சார்ஜருக்கு இடமிருக்கவில்லை.

சண்டை நின்றிருந்த காலம் அது. வெளிநாட்டுக்குப் போனவர்கள் எல்லாம் ஆறுதலாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கையில் கிழமைக்கு ஒரு வான் வந்து நிற்கும். சக்கரம் வைத்த பெட்டிகள் இறங்கும். பிறகு சவர்க்காரம் நடக்கும். ஆம், நடக்கும். வந்தவர் வீடு வீடாகப் போய்க் கட்டி கட்டியாகக் கொடுத்துக்கொண்டு வருவார். ஒரு வீடு விடுபட்டாலும் அது அடுத்த பத்து வருடத்துக்குக் கதையாக இருக்கும். யாரும் அந்தச் சவர்க்காரத்தைப் போட்டுக் குளித்ததாக எனக்கு நினைவில்லை. அலுமாரிகளில், துணிகளுக்கு நடுவில், அவை மணந்துகொண்டு கிடந்தன.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்றார்கள், ஒபரேஷன் என்றார்கள். கல்லுக்காக ஒருவர் மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடப்பாரா என்று நான் கேட்கவில்லை. அப்பா சோறு வைத்தார், குழைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மா தொலைபேசியில் வந்து, அப்பாவோடு நெடுநேரம் தாழ்ந்த குரலில் கதைத்துவிட்டு என்னைக் கேட்பார். ஒரு ஞாயிறு கேட்டார், உனக்கு என்ன வேணும் பிள்ளை, எதெண்டாலும் சொல்லு, வரேக்க கொண்டு வாறன் என்று. எதெண்டாலும் என்றால் எதெண்டாலும்தானே? லப்டொப் என்றேன். கேம் விளையாடுகிற லப்டொப். விலைகூடக் கேட்கவில்லை பெரியம்மா. சரி, என்றார். எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் இப்படிச் சரி சொன்னதில்லை. ஏன் சொல்கிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை. கிடைத்த வாய்ப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

காலி வீதியில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் நெட் கஃபே இருந்தது. ரியூஷன் முடிய அங்கேதான் போவேன். சனிக்கிழமைகளில் பத்து மெஷின்களை வயரால் இணைத்து, ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர் என்று பெடியன்கள் சுட்டு விளையாடுவார்கள். நான் கதிரையில் உட்கார்ந்தால் ஒருவன் பின்னால் வந்து நிற்பான். "தங்கச்சி, சீட்டு விளையாடுறது அந்தப் பக்கத்து மெஷினில இருக்கு." அவர்கள் எல்லாரையும்விட எனக்குக் குறி தவறாது. அது அவர்களுக்கும் தெரியும், அதனால்தான் எழுப்பினார்கள். கஃபேக்காரர் நல்லவர். அவர்தான் சொன்னார், "சொந்த மெஷின் கொண்டு வந்தா நீரும் சனிக்கிழமை விளையாடலாம், ஒருத்தரும் எழுப்பேலாது."

ஒரு மாதம் தெரிந்தெடுத்தேன். கஃபேயில் கிடந்த பழைய சஞ்சிகைகளை மனப்பாடம் செய்தேன். பிறகு பெரியம்மாவுக்கு நாலு பக்கக் கடிதம். புரொசஸர் மேசைக் கொம்பியூட்டரில் போடுகிற வேகக்காரனாக இருக்க வேண்டும், லப்டொப்புக்கென்று அடக்கி வைத்த சோம்பேறி வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சொந்த மெமரி வேண்டும்; மற்றதிடம் போய்க் கைநீட்டி நிற்கிற வகை வேண்டாம். திரை பதினைந்து அங்குலத்துக்குக் குறையக் கூடாது. உள்ளே இரண்டு காற்றாடி, இல்லாவிட்டால் அரை மணித்தியாலத்தில் சூடேறித் தூங்கிவிடும். கடைசி வரியைச் சிவப்பு மையில் எழுதினேன்: கடைக்காரர் மெல்லிசானதைக் காட்டினால் ஏமாற வேண்டாம், நல்லது பாரமாகத்தான் இருக்கும்.

பெரியம்மா ஏமாறவில்லை. அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மெல்லிசான ஒன்றைக் கடைக்காரன் மூன்று முறை காட்டினானாம். மூன்று முறையும் கடிதத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாராம். ஆங்கிலத்தில் இருந்த சொற்களை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டி, நான் கேட்டது கேட்டபடி, ஒரு அம்மிக்கல்லைப் போன்ற கறுத்த லப்டொப்பை வாங்கிவிட்டார்.

அவர் வந்து இறங்கிய காலையில் அது என் மடியில் இருந்தது. நாலு கிலோவுக்கு மேல். பொத்தானை அமத்தியதும் காற்றாடிகள் எழுந்தன. அந்தச் சத்தம் எனக்குக் கடலைவிடப் பெரிதாகக் கேட்டது. சீடியைப் போட்டேன். திரையில் புல் அசைந்தது. ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக அசைந்தது! கஃபேயில் புல் என்பது பச்சைச் சாயம். இங்கே அதற்கு நிழல் இருந்தது. ஐம்பது நிமிடம் நான் இந்த உலகத்தில் இல்லை. ஐம்பத்தோராவது நிமிடம் திரை கறுத்து, அதில் என் முகம் தெரிந்தது.

சார்ஜரைக் கேட்டேன். பெரியம்மா பெட்டியின் வார்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "சார்ஜரெல்லாம் ஒண்டுதானே பிள்ளை. இஞ்ச புறக்கோட்டையில வாங்கலாம் எண்டு விட்டிட்டு வந்தனான்."

விமான நிலையத் தராசில் பெட்டி தொள்ளாயிரம் கிராம் கூடிவிட்டதாம். தராசுக்குப் பின்னால் நின்றவள் ஐந்து கிராமுக்கும் இரங்காதவளாம். கைப்பையையும் நிறுத்தார்களாம். எல்லாருக்கும் முன்னால் நிலத்தில் குந்தியிருந்து பெட்டியைத் திறந்திருக்கிறார். செங்கல்லைப் போன்ற ஒரு கறுப்புக் கட்டி, வயர் சுற்றியது, முதலில் கையில் அகப்பட்டது. பக்கத்தில் அதே பாரத்தில், துவாயில் சுற்றிய ஒரு பெட்டி. இரண்டில் ஒன்று. "அம்மாட சாமானைக் கட்டாயம் கொண்டு வரோணும். அதான்," என்றார்.

அந்தத் துவாய்ப் பெட்டியை நான் கண்டிருந்தேன். வந்த உடனேயே அது கைமாறி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்த அம்மா அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைக் கையோடு கொண்டு போயிருந்தார். சீலை என்று முடிவு கட்டினேன். பட்டுச் சீலை, கல் பதித்தது, பாரமானது.

அது சீலை இல்லை. என் மகளுக்குப் பால் கொடுக்கத் தெரியாமல் நான் அழுதுகொண்டிருந்த நாட்களில் ஒரு மத்தியானம் அம்மா அதைச் சொன்னார். சாதாரணமாக, உடுப்பு மடித்துக்கொண்டே சொன்னார். பித்தப்பையில் கல் இருக்கவில்லை. இடப்பக்க மார்பை எடுத்திருந்தார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாதென்று சொல்லியிருந்தார்களாம். பெரியம்மா கொண்டு வந்தது சிலிக்கனில் செய்த ஒரு மார்பு, உடுப்புக்குள் வைக்கிறது. மற்றப் பக்கத்துக்கு ஈடாக நிற்க வேண்டுமென்று பாரமாகவே செய்வார்களாம். அதுவரைக்கும் அவர் பழைய துணியைச் சுருட்டி வைத்து, அந்த வெயிலிலும் தோளில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு, வாசலுக்கு வராமல் இருந்திருக்கிறார். துவாயை நான் பார்த்தேன். நான் பார்த்ததெல்லாம் துவாயைத்தான்.

ஆகவே சார்ஜரை விட்டுவிட்டு வந்ததற்காக அல்ல இப்போதைய என் கோபம். பெட்டியில் பதினாலு சவர்க்காரம் இருந்ததே! பத்தை எடுத்து வெளியே வைத்திருந்தால் தராசு சரியாகியிருக்கும். அம்மாவினதும் வந்திருக்கும், என்னுடையதும் வந்திருக்கும். எடுக்கத் தோன்றவில்லை அவருக்கு. ஒழுங்கைக்குச் சவர்க்காரம் கொடுக்காமல் விடலாம் என்பது அந்தத் தலைக்குள் நுழையவே இல்லை. மகளைப் போன்றவளின் ஆசையையும் தங்கச்சியின் உடம்பையும் எதிரெதிரே வைத்து நிறுத்துப் பார்த்தார். சவர்க்காரத்தைத் தராசில் ஏற்றவே இல்லை. அன்று பின்னேரமே வீடு வீடாகக் கொடுத்தார். பக்கத்து வீட்டு அன்ரி மணந்து பார்த்துவிட்டு, போன மாதம் வந்தவை இதைவிடப் பெரிய கட்டி தந்தவை என்றார். பெரியம்மா சிரித்துக்கொண்டு வந்தார். நான் ஏன் சிரிக்க வேண்டும்?

இதைவிடவும் பெரிய கோபம் ஒன்று இருக்கிறது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. பதினான்கு வயதுப் பெட்டை, எனக்கும் அதே உடம்புதான் வளர்ந்துகொண்டிருந்தது. சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். சொல்லாதபடியால் நான் என்ன செய்தேன் தெரியுமா?

மூன்று நாள் அம்மாவோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் சாப்பாட்டு மேசையில், அப்பாவும் பெரியம்மாவும் இருக்க, சொன்னேன்: "உங்கட சீலைக்காகத்தான் என்ட சார்ஜர் வரேல்ல." அப்பாவின் கை சோற்றுக்குள் நின்றுவிட்டது. பெரியம்மா வாயைத் திறந்தார். அம்மா அவரைப் பார்த்தார். பெரியம்மா வாயை மூடினார். புறக்கோட்டையில் அப்பா இரண்டு நாள் அலைந்து வெறுங்கையோடு வந்திருந்தார். எந்தச் சார்ஜரும் அதற்குப் பொருந்தவில்லை. அந்த முனையையே யாரும் கண்டதில்லை. அம்மா தட்டைக் கழுவிவிட்டு வந்து சொன்னார், மருதானையில் திருத்துகிற கடைகள் இருக்கின்றன, நாளைக்கு நானும் நீயும் போவம் என்று. அப்பா வேண்டாம் என்றார். வேணும் என்றார் அம்மா.

அடுத்த நாள் அவர் அறைக்குள் நெடுநேரம் இருந்தார். வெளியே வந்தபோது மயில்கழுத்து நிறத்தில் ஒரு சீலை. தோளில் துவாய் இல்லை. கண்ணாடிக்கு முன்னால் பக்கவாட்டில் திரும்பி, மறுபக்கம் திரும்பி, ஒரு பள்ளிக்கூடப் பெட்டையைப் போலத் தன்னைப் பார்த்தார். நான் கதவில் சாய்ந்து நின்றேன்.

"இதுதானே பெரியம்மா கொண்டு வந்தது?"

கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தார். "ஓம்," என்றார். "இதுதான். நல்லா இருக்கோ?"

நான் லப்டொப் பையை எடுக்கப் போய்விட்டேன். அந்தச் சீலை அவருடைய கல்யாணப் படத்துக்குப் பக்கத்துப் படத்தில் இருக்கிறது. பத்து வருடம் கண்ணுக்கு முன்னால் தொங்கிய படம்.

வெள்ளவத்தையில் ரயில் ஏறினோம். ஒரு பக்கம் கடல். அம்மா நிமிர்ந்து நின்று காற்றை வாங்கினார். மருதானையில் ஒரு சந்துக்குள், ரீவிகளின் வயிற்றைத் திறந்து போட்டிருந்த கடையில் ஒரு சிங்கள மனிதர். "பலமு நங்கி," பார்ப்போம் தங்கச்சி என்று, லப்டொப்பை வாங்கிப் புரட்டினார். என் இரண்டு காற்றாடிகளையும் கண்டு தலையாட்டினார். தெரிந்தெடுத்தது யார் என்று அம்மாவிடம் சிங்களத்தில் கேட்டார். அம்மா என்னைக் காட்டினார். அந்தக் கோபத்திலும் எனக்குக் கொஞ்சம் உச்சி குளிர்ந்தது. ஏதோ ஒரு பழைய மெஷினின் மின்கட்டியைக் கொண்டு வந்தார், வோல்ட்டை அளந்தார், வயரை வெட்டினார், ஊசிமுனையைப் போன்ற நாலு கம்பிகளைப் பொருத்தி ஒட்டினார். இரண்டு மணித்தியாலம். அம்மா முக்காலியில் இருந்து வேர்த்தார். கடைசியில் ஒரு சின்னப் பச்சை வெளிச்சம் எரிந்தது. மனிதர், இன்னும் கொஞ்ச நேரம் ஏறட்டும் என்றார். ஏறியது.

திரும்பும்போது ஸ்டேஷன் படிகளில் எனக்குக் கை ஓய்ந்துபோயிற்று. லப்டொப் பை ஒரு தோளில், புதிய மின்கட்டி மறு கையில். அது பழைய சார்ஜரைவிடப் பெரிதாகத்தான் இருந்திருக்கும். மேடைக்கு வந்ததும் பையை அம்மாவிடம் நீட்டினேன். நீட்டினேன் என்பதுகூடப் பொய். அவருடைய இடது தோளில் நானே மாட்டிவிட்டேன், உங்களுக்காகத்தானே இவ்வளவும் என்பதைப் போல.

ரயில் வந்தது. சனம் தள்ளியது. அம்மாவின் இடது கை சட்டென்று கீழே போனது. பை வழுக்கி, முழங்காலில் பட்டு, ஒரு மூலை மேடையில் இடித்தது. அந்தச் சத்தம் எனக்குள் இடித்தது.

"பிடிக்கவும் தெரியாதா உங்களுக்கு?"

சனம் திரும்பிப் பார்த்தது. தமிழ் தெரியாதவர்களுக்கும் விளங்கியிருக்கும். அம்மா பையைப் பொறுக்கி, வலது கையால் என் நெஞ்சோடு சேர்த்து வைத்தார். "கை வழுக்கிட்டுது பிள்ளை," என்றார்.

உட்கார இடம் கிடைத்தது. "திறந்து பார்," என்றார் அம்மா. "வேலை செய்யுதோ பார்." நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மூன்று முறை சொன்னார். மூன்றாம் முறை குரல் வேறு மாதிரி இருந்தபடியால் திறந்தேன். மூலையில் ஒரு சின்ன வெடிப்பு, அவ்வளவுதான். காற்றாடிகள் எழுந்தன. திரை வெளித்தது. முன் இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அம்மா அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லாமல், இடது கையை மடியில் போட்டு, வலது கையால் அதைத் தோளிலிருந்து விரல்வரை தடவியபடி. ஒரு லப்டொப் உடையாமல் தப்பியதற்கு இவ்வளவு அழ வேண்டுமா என்று எனக்குக் கூச்சமாகவும், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. சனிக்கிழமை நினைவுக்கு வந்தது, மனம் இளகிவிட்டது.

"ஒண்டும் நடக்கேல்ல அம்மா, விடுங்கோ," என்று சொல்லி, அவரை மன்னித்தேன்.