அறுபது பேரும் ஒரே ஒரு லொறியும்

இலங்கையில் பதுளைப் பக்கம் படம் பிடிக்க வருகிறவர்களுக்குக் கூட்டம் திரட்டிக் கொடுப்பது என் தொழில். கல்யாண வீட்டில் குரூப் போட்டோவுக்காகச் சொந்தக்காரர்களை ஒரே நேரத்தில் ஓரிடத்தில் நிற்க வைக்கப் பாடுபட்டவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நீங்களும் நானும் ஒரே சாதி.

இரண்டு வருடத்துக்கு முன் சென்னையிலிருந்து பெரிய படக் கம்பெனி ஒன்று பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வந்து இறங்கியது. சிரிப்புக் கொள்ளைக் கதை. ஐந்து திருடர்கள், வங்கியின் இரத்தினக் கற்களை லொறியோடு கடத்துகிறார்கள். கூட்டக் காட்சிக்குக் கொழுந்து பறிக்கும் பெண்கள் அறுபது பேர் வேண்டும். அது சரியாக வந்தால் அடுத்த படத்துக்கும் நான்தான், சொதப்பினால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியது என்று டைரக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பத்து வருடமாகப் பிஸ்கட் விளம்பரத்துக்கு ஆள் பிடித்தவனுக்கு இந்த வாய்ப்பு இன்னொரு தடவை வராது.

பலகை வங்கி

ஸ்டோர் என்று நாங்கள் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்து மைதானத்தில் இரண்டு மாடி வங்கி ஒன்றை ஒன்பதே நாளில் எழுப்பினார்கள். கண்ணாடிக் கதவு, பளிங்குத் தூண், உள்ளே ஆள் உயர இரும்புப் பெட்டகம். தட்டிப் பார்த்தால் எல்லாம் பலகை. நான் வாயைப் பிளந்துகொண்டு ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன்.

பத்தாவது நாள் கீழ் லயத்து வரிசை வீட்டு முனியம்மா அக்கா நல்ல சேலை கட்டி, அடையாள அட்டையோடு வந்து கவுண்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். உள்ளே பெயின்ட் அடித்தவர்கள் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. அரை நாள் கழித்து நான்தான் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அக்காவுக்குக் கோபமில்லை.

"அர நாளா யாரும் என்னா ஏதுன்னு கேக்கல தம்பி. அதான் நெசமான பேங்க்குன்னு நம்பிட்டேன்."

பள்ளத்து வளைவு

பிறகு சண்டைக் காட்சிக்காரர்கள் வந்தார்கள். ஜீப்பைப் பின்பக்கமாகவே ஓட்டி, கொண்டை ஊசி வளைவில் ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேலே தொங்கத் திருப்பினார் ஒருவர். கீழே மெத்தை, வலை, ஆம்புலன்ஸ். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மனிதன் செய்கிற காரியமா இது என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். அவர் பசறை பஸ் டிரைவர், பாதை மறித்திருந்ததால் இறங்கி நின்றார்.

"நல்லாத்தான் ஓட்டுறாரு. அறுவது பேர ஏத்திக்கிட்டு, எதுத்தாப்புல ஒரு லொறியும் வந்தா இன்னும் நல்லா இருக்கும்."

முற்றிய இலை

தோட்டத்துத் துரை படம்பிடிக்க ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தார். பெண்கள் பறிக்கிற கொழுந்து வீணாகக் கூடாது. வழக்கம்போல மத்தியானம் ஸ்டோர் சங்கு ஊதியதும் இறங்கிப் போய் நிறுக்க வேண்டும். நிறுத்தால்தான் அன்றைக்கு வேலை செய்ததாக அவர்களுக்குப் பேர் விழும்.

உதவி டைரக்டர் பையன் பட்டணத்துப் பிள்ளை. கமராவில் தெரிகிற மாதிரி இலையைக் கை நிறைய அள்ளிப் பறிக்கச் சொன்னான். அறுபது பேரில் ஒருவர்கூட அசையவில்லை. முன்வரிசையில் நின்ற மாரியாயி அக்கா, இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளி அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுதாங்க கொழுந்து. முத்தின எலையப் போட்டா கங்காணி, படத்துக்குப் பறிச்சதுன்னு விட மாட்டாரு."

ஒரே லொறி

கடைசி நாள். திருடர்கள் லொறியைத் திறந்ததும் அபாயச் சங்கு அலறும். பெண்கள் கத்திக்கொண்டு மேலே ஓட வேண்டும். தூரத்தில் லொறி வெடிக்கும். இருப்பது ஒரே லொறி, வெடிப்பதும் ஒரே தடவை. ஆறு கமராக்கள். "உன் ஆட்கள் ஓடிடுவாங்கள்ல?" என்று டைரக்டர் கேட்டார். உசுரைப் பணயம் வைத்துத் தலையாட்டினேன். காலையிலிருந்து விசில் ஊதி ஊதி எட்டுத் தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன்.

விசிலுக்குப் பதிலாக இப்போது பெரிய ஒலிபெருக்கியில் அபாயச் சங்கே அலறியது, அசல் ஸ்டோர் சங்கு போலவே. மத்தியான நேரம். அறுபது பேரும் நிமிர்ந்தார்கள். கூடையைச் சரிசெய்தார்கள். மேலே ஓடவில்லை. ஒருவர் பின் ஒருவராகக் கீழே, ஸ்டோரை நோக்கி நடந்தார்கள். பின்னால் மலை அதிர லொறி வெடித்துத் தீ வானத்துக்கு எழுந்தது. வெடிக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைக் கடந்து போன மாரியாயி அக்காவுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"சங்கு ஊதிருச்சுங்க. கொழுந்த நிறுத்துட்டு வந்து வேணும்னா ஓடுறோம்."

பதுளை தியேட்டரில்

டைரக்டர் திட்டவில்லை. எடுத்ததைத் திரும்பத் திரும்ப ஓட விட்டுப் பார்த்தார். வங்கிக்குள் போய் உட்கார்ந்து, அன்றைக்கே கதையின் முடிவை மாற்றினார். கற்கள் லொறியில் இல்லை, கொழுந்துக் கூடைகளில் போகின்றன. போலீஸ் ஒவ்வொரு வாகனமாகச் சோதிக்கிறது, அந்த வரிசையை மட்டும் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

படம் வந்தபோது எல்லாரையும் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் போனேன். திரை முழுக்க நெருப்பு. அதற்கு முன்னால் அறுபது பெண்கள், அவசரமே இல்லாமல், ராணிகளைப் போல இறங்கி வருகிறார்கள். தினமும் பார்க்கிற நடைதான். அதன் கம்பீரம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, வெட்கத்தை விட்டு அழுதேன். மாரியாயி அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் என் பக்கம் சாய்ந்தார்.

"அம்புட்டுக் கல்லும் எங்க கூடையிலதான் போச்சாங்க? அன்னைக்கும் நிறுக்கறப்ப எலை ஈரம், தண்ணிக் கழிவுன்னு ரெண்டு கிலோ கொறச்சுத்தான போட்டாங்க."

அறுபது பேரை ஓட வைக்கத் தெரியாதவன் என்ற ஒரே தகுதியில், அடுத்த படத்துக்கும் கூட்டம் சேர்க்கிற வேலை எனக்கே கிடைத்தது.