கொப்பரைக் களத்தில் ஒரு துரத்தல்

துறைக் கையேட்டின் ஒன்பதாம் விதி: "மாணவர் எழுத்து மூலம் தரும் எந்தக் கோரிக்கைக்கும் பதினைந்து வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தரப்பட வேண்டும்."

நல்ல விதி. இதைப் போன்றவற்றை நானே வரைவு செய்து மேலே அனுப்பியிருக்கிறேன். 'தரப்பட வேண்டும்' என்று எழுதிவிட்டால் தர வேண்டியவர் யார் என்று சொல்லாமல் தப்பித்துக்கொள்ளலாம். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக ஓய்வு பெறும்வரை எனக்குச் சோறு போட்டது இந்த வாக்கிய அமைப்புதான்.

ஓய்வுக்குப் பிறகு எனக்குத் தீர்த்த யாத்திரையில் ஆர்வம் வரவில்லை. கோவையில் ஒரு கல்லூரி, காட்சித் தொடர்பியலில் ஓராண்டுப் பட்டயப் படிப்புக்கு விளம்பரம் கொடுத்திருந்தது. வயது வரம்பு இல்லை என்று அதில் இருந்தது. யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் போடப்படும் வாசகம் அது. நான் கேட்டேன். முதல் நாள் வாசலில் காவலாளி என்னை நிறுத்தி, "பெத்தவங்க மீட்டிங்கு அடுத்த வாரமுங்கம்மா" என்றார். நான் மாணவி என்று அடையாள அட்டையைக் காட்டியதும், அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "நல்லாப் படிங்க" என்று அனுப்பி வைத்தார்.

முதல் பருவத்தின் குழுப் பணி, மூன்று நிமிட திரில்லர் காட்சி ஒன்றை எடுப்பது. எங்கள் குழுவில் நால்வர். காங்கேயத்திலிருந்து ஒரு பையன். அவன் வீட்டில் எண்ணெய் மில்லும் கொப்பரைக் களமும் உண்டு. அந்தியூரிலிருந்து இன்னொருவன்; கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம், எறும்பை மிதிக்கத் தயங்கும் குணம். கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு பெண். நான்காவது நான்.

பருவத் தொடக்கத்தில் துறைத் தலைவர் பணிப் பகிர்வுத் தாளை அவரே நிரப்பினார். கேமரா, காங்கேயத்துப் பையன். ஒலியும் வில்லன் வேடமும், அந்தியூரான். நடிப்பு, அந்தப் பெண். திரில்லர் என்றால் ஒரு பெண்ணை யாராவது துரத்த வேண்டும் அல்லவா? எடிட்டிங், நான். "மேடத்துக்கு உக்காந்து செய்யற வேலையாப் போட்டிருக்கேனுங்க" என்று பெருந்தன்மையோடு சிரித்தார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவள் இந்தப் படிப்பில் சேர்ந்ததே எடிட்டிங் அறைக்காகத்தான். வீட்டில் அவளுக்கு இருந்தது திரை விரிசல் விட்ட ஒரு கைப்பேசி. ஊர்க் கல்யாணங்களையெல்லாம் அதிலேயே வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். கல்லூரியின் எடிட்டிங் அறையில் பெரிய திரைகளோடு ஏழெட்டு இயந்திரங்கள் இருந்தன. இரண்டாம் பருவத்தில் எடிட்டிங்கைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்களுக்கு மட்டும்தான் அந்த அறை திறக்கும். குழுப் பணித் தாளில் எடிட்டிங் என்று இருந்து, அதில் மதிப்பெண்ணும் வாங்கியவர்களுக்குத்தான் அந்தப் பாடம்.

"ஊட்ல ஒரு வருசந்தாங்க மேடம் சரின்னிருக்காங்க. இது போச்சுன்னா அவ்வளவுதான்" என்றாள். குரலில் அழுகை இல்லை. பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஆக, நானும் அவளும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

"சார்கிட்டப் போயி சொன்னாப் போதுமுங்க மேடம். பேனாவுல அடிச்சு மாத்தி எழுதிப்போடுவாரு" என்றான் காங்கேயத்துப் பையன்.

பேனாவில் அடித்து மாற்றுவதா? அடித்தல் திருத்தல் உள்ள ஆவணத்தின் கதி என்னவென்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. ஒன்பதாம் விதியை மேற்கோள் காட்டி, இருவரின் சம்மதத்தையும் இணைத்து, இரண்டு பிரதிகளில் மனு எழுதினேன். அலுவலகத்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் முத்திரை வாங்கிக்கொண்டேன். முப்பது வருடப் பழக்கம். கை தானாகவே செய்தது.

மறுநாள் துறைத் தலைவர் என்னை வராந்தாவில் நிறுத்தினார். "என்னுங்க மேடம், மனுவாக் குடுத்துட்டீங்களே! வாயில சொல்லியிருந்தா அப்பவே மாத்திப்போட்டிருப்பேன். இப்ப அது மேல போயிருச்சு. மேல இருந்து பதில் வராம நான் தொட முடியாதுங்க."

அவர் சொன்னது முற்றிலும் சரி. மனு நிலுவையில் இருக்கும்போது அதன் பொருளில் கை வைக்கக் கூடாது. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். பையன்கள் இருவரும் மரியாதை கருதி என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் மட்டும், "பதினஞ்சு நாள்தானுங்களே மேடம், வந்துரும்" என்றாள். ஒன்பதாம் விதியை நம்பிய ஒரே மனிதப் பிறவி.

பதினைந்து வேலை நாட்கள் போயின. நினைவூட்டல் கொடுத்தேன். இரண்டாம் நினைவூட்டல் கொடுத்தேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அந்தச் சொல்லை எத்தனை பேரிடம் எத்தனை விதமான குரலில் நான் சொல்லியிருக்கிறேன்! எதிர்ப்பக்கத்தில் நின்று கேட்கும்போது அது வேறு மாதிரி இருக்கிறது.

சமர்ப்பிக்கும் நாள் நெருங்கியதால், பதில் எப்படியும் வந்துவிடும் என்று இடம் மாறியே படமெடுக்கத் தொடங்கினோம். ஆகவே மூட்டுவலித் தைலம் பூசிய முழங்கால்களோடு, துரத்தப்படும் பெண்ணாக நான். கதை எளிது. பேருந்து நிறுத்தத்தில் ஒரு பை கிடக்கிறது. ஒரு முதியவள் அதை எடுத்துக்கொண்டு நடக்கிறாள். பைக்கு உரியவன் பின்தொடர்கிறான். காங்கேயத்துப் பையனின் பெரியப்பா களத்தை எங்களுக்குக் கொடுத்தார். எழுத்து மூலம் அல்ல. "எடுத்துக்குங்க கண்ணு, பருப்ப மட்டும் மிதிச்சுப்போடாதீங்க" என்ற ஒரே வரியில். அந்தப் பக்கம் கொப்பரையைப் பருப்பு என்றுதான் சொல்வார்கள். வெயிலில் காயும் தேங்காய் மூடிகள் களம் முழுக்க வெள்ளைவெளேரென்று வாய் திறந்து கிடந்தன. பத்துப் பதினைந்து பெண்கள் அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

வில்லன் என் முன்னால் வந்து நின்றான். அவனுடைய முதல் வசனம்: "பையைக் குடு. இல்லைன்னா கொன்னுபோடுவேன்."

"பையைக் குடுங்க" என்றான். "இல்லீன்னா... கொன்னுபோடுவேனுங்க."

களத்துப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். "ஏனுங்க தம்பி, கொல்றதுக்கு நல்ல நேரம் பாத்தீங்களா?" என்றாள் ஒருத்தி.

"திட்டுடா, அவங்க மேடம் இல்ல, திருடி" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து கத்தினான் காங்கேயத்தான்.

"எங்கம்மாவை விடப் பெரியவங்கடா. வாய் வர மாட்டேங்குது" என்றான் வில்லன். ஏழெட்டு முறை முயன்றோம். கடைசியில் கொலைமிரட்டல், குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று விசாரிக்கும் தொனிக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் பெண் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "வசனமே வேண்டாமுங்க. இவன் பேசாம நடந்து வந்தா மட்டும் போதும்" என்றாள். அவன் முகத்தில் தெரிந்த நிம்மதி, படம் பிடிக்க வேண்டிய ஒன்று.

மதியத்துக்கு மேல், நடந்து போகும் காட்சிகளை எடுத்தோம். நான் நடந்தேன், அவன் நடந்தான். எனக்கு ஓட வரவில்லை. 'பயத்தோடு ஓடுங்க' என்றால், மின்கட்டண வரிசைக்கு விரைகிறவள்போல ஓடினேன். இது திரில்லர் ஆகாது என்று நால்வருக்கும் தெரிந்துபோயிற்று.

அப்போதுதான் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்குப் பேர்போன ஊரல்ல அது. ஐப்பசியில் மட்டும் நினைத்தால் வரும். கொப்பரை நனைந்தால் பூசணம் பிடித்துவிடும். பெரியப்பா மில்லிலிருந்து ஓடி வந்தார். "ஏனுங்க எல்லாரும் பாத்துட்டு நிக்கறீங்க! தார்ப்பாயப் புடிங்க, வெசையா!"

களத்தின் மேல் மழை வரும்போது சொந்தக்காரன், விருந்தாளி, வில்லன் என்ற பேதமெல்லாம் கிடையாது. காங்கேயத்துப் பையன் கேமராவை முக்காலியில் அப்படியே விட்டுவிட்டு ஓடினான். அந்தப் பெண்ணும் ஓடினாள். நானும் ஓடினேன், முழங்கால் இருப்பதையே மறந்து. தார்ப்பாயின் ஒரு முனையை இழுத்துக்கொண்டு நான் முன்னால் ஓட, மறுமுனையோடு அந்தியூரான் பின்னால் வந்தான். "மேடம் வெசையா, வெசையா!" என்று முதன்முறையாக என்னிடம் கத்தினான். பெண்கள் நாலாபக்கமும் சிதறி ஓடினார்கள். பெருந்துளி விழுந்தபோது களத்தில் பாதிக்கு மேல் மூடியாகிவிட்டது. மீதியை மழை எடுத்துக்கொண்டது. பெரியப்பா எங்களைக் குறை சொல்லவில்லை. ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்தார்.

கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. யாரும் நிறுத்தவில்லை.

எடிட்டிங் நடந்தது என் வீட்டில், ஓய்வூதியச் சான்றுகள் அனுப்புவதற்காக நான் வாங்கிய மடிக்கணினியில். கிரைண்டர்போலச் சத்தமிட்டு ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் உறைந்து நிற்கும் ஜந்து அது. அந்தப் பெண் அதனோடு பொறுமையாக மல்லுக்கட்டினாள். மழையில் தானாகப் பதிவான அந்த ஒரே ஷாட்டைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் பெரிதாக்கினாள். தார்ப்பாய் தெரியும் இடமெல்லாம் படச்சட்டத்துக்கு வெளியே போயிற்று. திரையில் என் முகம். திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடுகிறேன். பின்னால் அந்த நெடியவன், வாய் திறந்து கத்தியபடி, சத்தமே இல்லாமல். பெண்கள் சிதறி ஓடுகிறார்கள். வானம் கறுக்கிறது. கடைசியில் களத்தில் யாரும் இல்லை. வெள்ளை மூடிகளின் மேல் முதல் துளிகள்.

என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கே, நான் பிழைப்பேனா என்று சந்தேகம் வந்தது.

"நீங்க நெசமாவே பயந்திருக்கீங்க மேடம்" என்றாள் அவள். "பருப்பு நனைஞ்சுபோயிரும்னு. அது எதுக்காகன்னு பாக்கறவங்களுக்குத் தெரிய வேண்டியதில்லீங்க."

திரையிட்ட அன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர், விளக்கு எரிந்ததும் எழுந்தார். பணிப் பகிர்வுத் தாளைப் பார்த்து, எடிட்டிங் என்பதற்கு நேரே இருந்த பெயரைப் படித்து, என்னிடம் வந்து கை கொடுத்தார். "இந்த வயசுல இப்படி ஒரு கட்டிங்குங்களா! எங்கீங்க கத்துக்கிட்டீங்க?" நான் செய்யவில்லை, அந்தப் பெண் செய்தாள் என்று சொன்னேன். மனு நிலுவையில் இருப்பதையும் சொன்னேன். முத்திரையிட்ட பிரதியையும் காட்டினேன். அவர் தன்னடக்கத்தைப் பாராட்டும் புன்னகையோடு, "எனக்குக் குடுத்த தாள்படிதானுங்க நான் மார்க்கு போட முடியும்" என்றார். அதுவும் சரிதான்.

வகுப்பிலேயே எடிட்டிங்கில் அதிக மதிப்பெண் எனக்கு. அந்தப் பெண்ணுக்கு நடிப்பில் சராசரி. குறிப்பு: 'நடிப்பு இயல்பாக உள்ளது.' மூன்று நிமிடத்தில் அவள் ஒரு நொடிகூடத் திரையில் வரவில்லை. அதைவிட இயல்பாக நடிக்க முடியாது என்று நான் அலுவலகத்தில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

சிறப்புப் பாட ஒதுக்கீட்டில் எடிட்டிங் அறை எனக்கு வந்தது. அவளுக்கு அறிவிப்பாளர் பயிற்சி. என் இடத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்றேன். விட்டுக்கொடுத்தால் தரவரிசையில் அடுத்த எடிட்டருக்குப் போகும். அவள் தாளில் எடிட்டிங்கே இல்லாததால் அவள் அந்த வரிசையிலேயே கிடையாது. மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டேன். மூல மனு மீது உத்தரவு வந்தால்தான் அதன்மேல் முறையிட முடியும். இந்தப் பதிலைச் சொன்ன எழுத்தர் சின்ன வயதுக்காரர். நன்றாக வருவார்.

அன்று பேருந்து நிறுத்தம்வரை அவளோடு நடந்தேன். "நீங்க ஏனுங்க மேடம் மொகத்தத் தொங்கப்போட்டுட்டு வாரீங்க" என்றாள். "உங்க லேப்டாப்பையாச்சும் கொஞ்ச நாளைக்குக் குடுங்க."

மடிக்கணினியைக் கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. பத்து நிமிடத்துக்கொரு முறை உறையும் அந்த ஜந்துவை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. அன்று கையேட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். பின்னிணைப்பில், யாரும் திறக்காத பக்கத்தில் கிடைத்தது: அறுபது வயதைக் கடந்த மாணவர், ஆய்வகப் பணிகளுக்கு உதவியாளர் ஒருவரை உடன் அழைத்து வரலாம். வயது வரம்பு இல்லை என்று விளம்பரம் போட்ட அதே கை இதையும் எழுதியிருக்க வேண்டும்.

இந்த முறை மனு எழுதவில்லை. ஆய்வகப் பொறுப்பாளரிடம் வாயால் சொன்னேன்: "கண் சரியாத் தெரியறதில்லீங்க. இந்த அம்மணி கூட இருப்பா." அவர் தலையாட்டினார்.

இரண்டாம் பருவம் முழுக்க, அவளுடைய வகுப்பு முடிந்த பிற்பகல்களில், பெரிய திரையின் முன்னால் அவள் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், பாதி நேரம் தூங்கினேன். என் பெயரில் அவள் செய்த பயிற்சிகள் எல்லாம் பாராட்டு வாங்கின. சான்றிதழ் எனக்கு வரும். எனக்கு அது ஆகப்போவதில்லை. அவளுக்கு அது ஆகும், வராது. வேலை கைவந்துவிட்டது என்று அவள் சொல்லிக்கொண்டாள். அது போதுமா என்று நான் கேட்கவில்லை. போதாது என்று இருவருக்கும் தெரியும்.

கடைசி ஆய்வக நாளில், அவள் எங்கள் இறுதிப் பணியை ஏற்றிக்கொண்டிருந்தபோது, அலுவலக உதவியாளர் உறையோடு வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பிரித்துப் படித்தேன். பணிப் பகிர்வை மாற்றக் கோரிய எங்கள் மனு ஏற்கப்படுகிறது. இம்மாற்றம் இக்கடிதத் தேதி முதல் நடைமுறைக்கு வரும்.

"என்னுங்க மேடம் அது?"

"பதில் வந்துருச்சு அம்மணி. உன்னை எடிட்டர் ஆக்கிட்டாங்க."

அவள் கடிதத்தை வாங்கிக் கடைசி வரிவரை படித்தாள். "அப்ப இன்னியிலிருந்து நீங்கதான் நடிகைங்களா?" என்று கேட்டுவிட்டு, திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் தேதியைப் பார்த்தேன். பார்க்காமலே சொல்லியிருக்கலாம். எல்லா அலுவலகங்களும் நிலுவைக் கோப்புகளைத் தீர்த்து மேசையைக் காலி செய்யும் நாள் அது. நானும் வருடம் தவறாமல் செய்ததுதான். மார்ச் முப்பத்தொன்று.