ஏகாதசி விரதம் இருந்த குடுவைச் செடி

ஒரு செடி ஈ சாப்பிடுமா, சாப்பிடாதா என்ற கேள்வியில் என் தம்பியின் கல்யாணம் வந்து மாட்டிக்கொண்டது. இதை நான் சொல்ல ஆரம்பித்தாலே வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

உலகச் சண்டை ஓய்ந்து, ராணுவத்தில் சாமான் கணக்கு எழுதப் போயிருந்த தம்பி அஸ்ஸாமிலிருந்து திரும்பி வந்திருந்தான். மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் எங்கள் குடித்தனம். முன்கட்டில் வீட்டுக்கார மாமி தனியாக இருந்தாள். பின்கட்டில் நானும் என் வீட்டுக்காரரும். தம்பி வந்ததும் அவனுடைய டிரங்குப் பெட்டிக்கு இடம் பண்ண அம்மிக்கல்லை நகர்த்த வேண்டியிருந்தது. சண்டையில் ஜெயித்தவன் கொண்டுவந்த பெட்டி ஆயிற்றே என்று ஆசையாகத் திறந்தேன். ஒரு கம்பளி, பிடி உடைந்த ஒரு தகரக் குவளை, ஒரு காகிதப் பொட்டலம். பொட்டலத்தைப் பிரித்தால், சீப்பில் சிக்கிய முடியைப் பொடிப்பொடியாக நறுக்கி வைத்த மாதிரி என்னவோ இருந்தது.

"என்னடா இது, யார் தலைமுடி?"

"ஐயோ, ஊதிடாதே அக்கா! விதை!"

அந்த ஊர் மலையில் ஒரு செடியாம். இலையின் நுனி நீண்டு, கீழே தொங்கி, அங்கே ஒரு குடுவையாக உப்பிக்கொள்ளுமாம். குடுவைக்கு மூடி உண்டு. வாய் விளிம்பில் தேன் மாதிரி கசியும். அதை நக்க வருகிற ஈயும் எறும்பும் வழுக்கி உள்ளே இருக்கிற நீரில் விழும். செடி அதை மெள்ள ஜீரணம் பண்ணிக்கொள்ளும். இவ்வளவையும் அவன் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "பார்க்கலாம்" என்றார். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போவானா என்று கேட்டாலும் அவர் அதைத்தான் சொல்வார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனி மாதம் தியாகராய நகரில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பாவுக்குச் செடிப் பைத்தியம். வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் ரோஜாத் தொட்டி. நடந்தால் புடவை கிழியும், உட்கார்ந்தால் முதுகில் குத்தும். சொஜ்ஜியும் பஜ்ஜியும் ஆனதும் அவர் தம்பியைக் கேட்டார்: "அஸ்ஸாம் பக்கம் விசேஷமா என்ன பார்த்தீர்?"

எத்தனையோ சொல்லியிருக்கலாம். இவன், "ஈ சாப்பிடற செடி பார்த்தேன் மாமா" என்றான்.

"செடி ஈ சாப்பிடறதா? யாரோ உம்மை நன்னா ஏமாத்தியிருக்கா."

"நெஜமா மாமா."

"கண்ணால பார்த்தீரா?"

இங்கேதான் கதவுக்குப் பின்னால் பெண் களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் என் தம்பிக்குக் காது சிவந்துபோயிற்று. என்ன சொல்கிறோம் என்று தெரியாமல், "அக்கா ஆத்துலயே தொட்டியில வளர்றதே!" என்று சொல்லிவிட்டான். பொட்டலம் பெட்டிக்குள் இருக்கிறது. தொட்டி இன்னும் குயவர் வீட்டில்தான் இருக்கிறது.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "அப்படின்னா ஒரு நாள் வந்து பார்க்கறேன்."

"இப்போ ரொம்பச் சின்னதா இருக்கு மாமா. தை மாசம் வந்தா நன்னாப் பார்க்கலாம்."

"ஆகட்டும். தைக்கு வரேன். ஈ சாப்பிட்டா, கல்யாணப் பேச்சு. சாப்பிடலைன்னா, புளுகற பிள்ளைக்கு நான் பொண்ணு குடுக்கறதா இல்லை."

டிராமில் திரும்பினோம். லஸ்ஸில் இறங்கும்போது தம்பி, "அந்தச் சிரிப்பு நன்னா இருந்ததில்லையா அக்கா?" என்றான். சரி, இது முற்றிப்போன கேஸ் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாளே விதைத்தோம். தேங்காய் நாரைக் கொத்தி, ஆற்றுமணலோடு கலந்து, கிணற்றுச் சுவரில் படர்ந்திருந்த பாசியைச் சுரண்டி மேலே பரப்பி, அதன்மேல் அந்த முடியைத் தூவினோம். மண் போட்டு மூடக் கூடாதாம். கிணற்றுத் தண்ணீர் உப்பு, குழாய்த் தண்ணீரும் ஆகாது, மழைத் தண்ணீர்தான் வேண்டும் என்றான். வெயில் காய்கிற ஆடி மாதத்தில், எங்கேயாவது ஒரு தூறல் விழாதா என்று அண்டாவும் கையுமாக முற்றத்தில் நின்றோம். எதிர் வீட்டில் எங்களுக்கு ஏதோ கஷ்டகாலம் என்று பேசிக்கொண்டார்கள்.

பல வாரம் ஒன்றும் முளைக்கவில்லை. தம்பி காலையில் பல் தேய்ப்பதற்கு முன் தொட்டி முன்னால் போய்க் குந்திக்கொள்வான். ஒரு நாள் "அக்கா!" என்று போட்ட சத்தத்தில் பால் பொங்கி வழிந்துவிட்டது. பாசிக்கு நடுவே பச்சைப் புள்ளியாக நாலைந்து. ஊசி முனையால் தொட்டுக் காட்டினால்தான் தெரியும்.

அந்தச் சத்தத்துக்கு முன்கட்டு மாமியும் வந்துவிட்டாள். மாமியிடம் எதையும் மறைக்க முடியாது. மறைத்தால், மறைத்த விஷயம் முதலில் அவளுக்குத்தான் தெரியும். தம்பி சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"என்னது! ஈயும் எறும்பும் திங்குமா? ஏண்டி பொண்ணே, வெங்காயம் நறுக்கினாலே நான் மூக்கைப் பிடிச்சுண்டு போறவ. எங்காத்துல மாமிசச் செடியா?"

"மாமி, அது ஆடு கோழியா கேக்கறது? தானா வந்து விழற எறும்புதானே," என்றேன்.

"இன்னிக்கு எறும்பு. நாளைக்கு வளர்ந்து பல்லி கேக்கும். சொல்லிப்பிட்டேன், அப்புறம் உங்க இஷ்டம்." 'சொல்லிப்பிட்டேன்' என்று மாமி சொன்னால் வீட்டைக் காலி பண்ணு என்று அர்த்தம். சண்டைக்குப் பிறகு மதராஸில் வாடகைக்கு இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம்! தம்பி அழாத குறையாகப் பெண் விஷயத்தைச் சொன்னான். சிரிப்பையும் சேர்த்தே சொன்னான். மாமிக்குக் கல்யாணம் என்றால் மனசு இளகிவிடும். குனிந்து முளைகளைப் பார்த்தாள்.

"முதல்ல பால் குடுத்துப் பாருங்கோ. பழக்கினா எதுவும் பழகும்."

மாமி மனசு கோணாமல் இருக்க நான் ஒரு முளைக்கு ஒரு சொட்டுப் பால் விட்டேன். மூன்றாம் நாள் அது கறுத்துச் செத்துப்போயிற்று. தம்பி அன்றைக்கு என் கையால் காபி வாங்கிக் குடிக்கவில்லை. மாமிக்கும் உள்ளுக்குள் வருத்தம்தான். பாவம், தன் யோசனையில் ஒரு குழந்தை போயிற்று என்று. அதனால் சமாதானத்துக்கு அவளே ஒரு தீர்ப்பு சொன்னாள்: செடி இருக்கலாம், அதன் சுபாவப்படி சாப்பிடலாம். ஆனால் இந்த வீட்டுக் கூரைக்குக் கீழே இருக்கிற வரைக்கும் ஏகாதசி அன்றைக்கு விரதம் இருக்க வேண்டும்.

"செடி எப்படி மாமி விரதம் இருக்கும்?"

"அதை நான் பார்த்துக்கறேன்."

ஏகாதசி விடிந்ததும், தொட்டிமேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் நனைத்துப் பிழிந்த வேட்டித் துணியைப் போர்த்திவிடுவாள். ஒரு கொசு உள்ளே போகாது. துணி காயக் காயத் தண்ணீர் தெளிப்பாள். அப்புறம் அமாவாசைக்கும் போர்த்தினாள். பிரதோஷம் மட்டும் என்ன பாவம் பண்ணியது என்று அதற்கும் போர்த்தினாள். பஞ்சாங்கத்தைப் புரட்டினால் ஏதாவது விரதம் இல்லாத நாள் உண்டா? செடிகள் அனேகமாகக் கூடைக்குள்ளேயே வளர்ந்தன. நாங்கள் பட்டினியில் செத்துவிடும் என்று பயந்தால், அவை ஜம்மென்று தளதளத்தன. ஈரக் காற்று இல்லாமல் அந்தச் செடி பிழைக்காதாம். அஸ்ஸாம் மலையில் எப்போதும் மேகம் மூடியிருக்குமாம். அந்த மேகத்தை மாமி வேட்டித் துணியால் பண்ணிக் கொடுத்திருக்கிறாள். தம்பிக்கு அது பிற்பாடுதான் உறைத்தது.

மார்கழிக் குளிரில் குடுவை வந்தது. வந்தது என்றால், ஒரு கடுகு வந்தது. கடுகுக்கு ஒரு வாய், வாய்க்கு ஒரு மூடி. மாமி கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "சொப்புச் சாமான் மாதிரி எவ்வளவு லட்சணமா இருக்கு!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

தை பிறந்தது. சொன்ன சொல் தவறாத மனுஷர், தியாகராய நகரிலிருந்து ஜட்கா வைத்துக்கொண்டு வந்து இறங்கினார், கையில் ஒரு பூதக்கண்ணாடியோடு. வந்த நாள், பாருங்கள், ஏகாதசி.

"அந்தக் கூடையை எடுங்கோ," என்றார்.

"எடுக்கப்படாது," என்றாள் மாமி. "இன்னிக்கு அது உபவாசம்."

"எது?"

"செடி."

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி கூரையைப் பார்த்தான். "பேஷ்! ஈ சாப்பிடும்னீர். நான் வந்த அன்னிக்கு விரதமா? இதை நான் நம்பணுமா?"

"என்ன இப்படிச் சொல்லிப்பிட்டேள்? முளைச்சதுலேர்ந்து ஒரு ஏகாதசி விட்டதில்லை. நாளைக்குத் துவாதசி. காலம்பற வாங்கோ, முதல் எறும்பு உங்க கண் முன்னால."

அவர் கோபத்தோடு போனார். இனி வரமாட்டார் என்று தம்பி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். ஆனால் செடிப் பைத்தியம் சும்மா விடுமா? மறுநாள் விடிந்தும் விடியாமல் அதே ஜட்கா வாசலில் நின்றது. மாமி கூடையை எடுத்தாள். அவர் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தொட்டி முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"குடுவைதான். மூடிகூட இருக்கே! ஆனா, ஏன் சார், ஈ இதுக்குள்ள எப்படிப் போகும்? செடியைவிட ஈ பெரிசு."

"எறும்பு போறும் மாமா. சித்தெறும்பு."

"அப்போ சித்தெறும்பு சாப்பிடறதைப் பார்த்துட்டுத்தான் எழுந்திருப்பேன்."

ஜட்காக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். அவரும் நடை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தார். "கொயந்திக்குப் பல்லே மொளைக்கல, அதுக்குள்ள பிரியாணி துன்னு காட்டுன்னா இன்னா சாமி செய்யும்? வோணும்னா சொல்லு, நம்ம குதிரைய உள்ளாற ஓட்டியாறேன். ஈ, எறும்பு, கொசு, அல்லாம் பின்னாலயே வந்துடும்."

"வேண்டாம்பா," என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்.

எறும்பு வரவில்லை. சர்க்கரை தூவினேன், வந்த எறும்புகள் சர்க்கரையைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விட்டன. தம்பிக்கு வேர்த்துக் கொட்டியது. அப்போதுதான் உள்ளேயிருந்து மாமி அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் மணக்க வந்து நின்றாள்.

"எழுந்திருங்கோ. இலை போட்டாச்சு. துவாதசிப் பாரணைக்கு வீட்டுக்கு வந்தவா சாப்பிடாம நான் வாயில ஜலம் விடமாட்டேன்."

அவர் பதறிப்போனார். "அதெப்படி? சம்பந்தம் பேசற எடத்துல முடிவாகாம கை நனைக்கப்படாது."

"நான் பையன் ஆத்து மனுஷி இல்லையே. முன்கட்டு, தனி அடுப்பு."

"கூரை ஒண்ணுதானே மாமி?"

"கூரை என்னோடது. இவா குடித்தனம்."

"இருந்தாலும் நாலு பேர் கேட்டா, பையன் ஆத்துல சாப்பிட்டான்னுதான் சொல்லுவா. அந்தச் செடி முதல்ல சாப்பிடட்டும்."

"அது சாப்பிடற வரைக்கும் நீங்க சாப்பிட மாட்டேள். நீங்க சாப்பிடற வரைக்கும் நான் சாப்பிட முடியாது. பாரணை நேரம் தாண்டிண்டு இருக்கு. நேத்திலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை," என்று சொல்லிக்கொண்டே மாமி தூணைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். நடிப்பில்லை. முகம் வெளுத்திருந்தது.

அவர் தொட்டியைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். கடுகு வாயைத் திறந்துகொண்டு சும்மா இருந்தது. வாசலிலிருந்து ஜட்காக்காரர், "அந்தம்மா உசுரு போவுது சாமி. எந்திரி!" என்று அதட்டினார்.

அவர் எழுந்து கைகால் கழுவிக்கொண்டு இலையில் உட்கார்ந்தார். முதல் கவளம் வாய்க்குப் போனதும் நான் தம்பியைக் கிள்ளினேன். அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. "எறும்பு வந்துதா அக்கா?" என்று கேட்டான், அசடு.

அகத்திக்கீரையை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் மனுஷர். மோர் சாதம் வரைக்கும் தலை நிமிரவில்லை. கை கழுவி வந்து, நான் நீட்டிய வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டு, "என்ன பண்றது, நனைச்சாச்சு. நல்ல நாள் பாருங்கோ," என்றார். என் வீட்டுக்காரர், "பார்க்கலாம்," என்று உடனே பஞ்சாங்கத்தை எடுக்கப் போனார். மாமி ஒரு வாய் தீர்த்தம் குடித்து, அப்பாடா என்றாள்.

நான் வெளியே வந்து பார்த்தால் மாமனாரும் மருமகனும் தொட்டி முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு குந்தியிருக்கிறார்கள். பூதக்கண்ணாடி இப்போது தம்பி கையில். "கொஞ்சம் தள்ளுங்கோ மாப்ளே, நிழல் விழறது," என்கிறார் அவர்.

ஜட்காக்காரர் பொறுமை இழந்து மறுபடி எட்டிப் பார்த்தார். "இன்னா சாமி, துன்னுச்சா?"

"நான் தின்னுட்டேன்பா. அது இன்னும் திங்கலை," என்றார் சம்பந்தி.