ஒரு நூல்

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு பழைய லேத் போட்டிருக்கிறேன். வாரமெல்லாம் சிவகாசியில் அச்சு மிஷின்களைப் பழுது பார்ப்பவன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தக் கொட்டகைக்கு ராஜா. போன வருஷம் அங்கே ஒரு பைக் கட்டினேன். காயலான் கடை இன்ஜின், நானே வெல்டு வைத்த சேஸ், உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் ஊன்றுகிற உயரம். என் மனைவிக்காக.

அதற்கு முந்தைய வருஷம் இருக்கன்குடிக் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது, ரோட்டில் கிடந்த பள்ளத்தைக் கடைசி நொடியில் பார்த்து வண்டியைச் சட்டென்று ஒடித்துத் திருப்பினேன். “பிடிச்சுக்கோ” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னால் இருந்தவள் விழுந்தாள். இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் இன்றுவரை மடங்குவதில்லை. அவள் விஸ்வநத்தத்தில் சரவெடி பின்னுகிறவள். என்னைத் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அவள் சொன்னது ஒன்றுதான்.

“இனிமே உங்க பின்னால ஏற மாட்டேன். நானே ஓட்டுனா வாரேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்பே அவள் அண்ணன் பைக்கை ஓட்டிப் பழகியவள் என்பதால், நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லாம் முடிந்து, இடது கையால் பிடிக்கிற கிளட்ச் லீவர் மட்டும் பாக்கி. கடையில் விற்கிற எதுவும் நல்லபடி மடங்குகிற அவளுடைய இரண்டு விரலுக்குச் சரிப்படவில்லை. அலுமினியத் தண்டை லேத்தில் கொடுத்து நானே கடைந்தேன். மூன்று துண்டு வீணாய்ப் போனது. நான்காவதைப் பிடித்துப் பார்த்தவளுக்கு முகம் மலர்ந்தது.

“கொஞ்சம் மொத்தமா இருக்கு. ஒரு நூல் எடுத்தாச் சரியாப் போகும்.”

எடுத்துக் கொடுத்தேன். பிடித்தாள். விரல் நழுவியது.

“என்ன இம்புட்டு எடுத்துட்டீக?”

“ஒரு நூல்னுதான சொன்ன? ஒரு நூல்தான் எடுத்திருக்கேன்!” கத்திவிட்டேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேலேதான் இருக்கும். “நாலு ஞாயித்துக்கெளம போச்சு!”

அவள் முந்தானையில் ஒட்டியிருந்த ஒரு இழையை எடுத்து என் கண்ணுக்கு நேராக நீட்டினாள். சரம் பின்னுகிற நூல்.

“இதான் நூலு.”

பட்டறைக்காரனுக்கு ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அவளுக்கு நூல் என்றால் நூல். இருபது வருஷம் குடித்தனம் நடத்தியும் இது தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

“எடுத்தத இனி எப்படிப் புள்ள ஒட்ட வைக்க?”

“வைக்கலாம்.”

வேலைப் பையிலிருந்து நூல்கண்டை எடுத்து லீவரில் நெருக்கமாகச் சுற்றினாள். மடங்காத விரல்கள் இரண்டும் ஒதுங்கி நின்றன. ஒரு வரிசை முடிந்ததும் பிடித்துப் பார்ப்பாள், அதன் மேல் இன்னொரு வரிசை போடுவாள். கடைசியில், சரத்தை முடிக்கும்போது போடுகிற அதே முடிச்சு. அந்த விரல்களைப் பார்க்க முடியாமல் நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

லீவரை வண்டியில் பூட்டியதும் ஏறி உட்கார்ந்தாள். “ஏறுங்க பின்னால.”

கண்மாய்க் கரை மண் பாதையில் ஓட்டினாள். இரண்டே விரலுக்குக் கிளட்ச் இணங்கி வந்தது. முன்னால் ஒரு பள்ளம் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் வேகத்தைக் குறைத்தாள்.

“புடிச்சுக்கோங்க,” என்றாள்.