சிரிக்காத மாப்பிள்ளை

கோணிப்போன பச்சைக் களிமண் கோப்பையின் கைப்பிடியை விரலால் நிமிர்த்தி வைத்தாலும், சூளைக்குள் போனதும் அது பழையபடி கோணிக்கொள்ளும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். என் வாய்க்குள்ளும் அதுவே நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை பாருங்கள், அப்படிப்பட்ட முட்டாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்தேன். தூக்கலான முன்பற்களுக்குப் பாண்டிச்சேரியில் கம்பி கட்டி, பல் நேரான கையோடு சேத்தியாத்தோப்புக்குப் பெண் பார்க்கப் போனேன். நான் சிரித்த சிரிப்பில் கொடுத்த காபி ஆறிப்போனது. பெண்ணுக்கும் பிடித்துவிட்டது.

கம்பியைக் கழற்றிய டாக்டர் ஒரு பிளேட்டு கொடுத்து, இதை மாட்டாவிட்டால் பல் திரும்பிப் போய்விடும் என்றிருந்தார். மாட்டினால் பேச்சு குழறியது. பொம்மைக்கு வர்ணம் பூசுகிற அக்கா ஒருவர், "இன்னா மேஸ்திரி, காலையிலயே ஊத்திக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றார். கம்பெனியே சிரித்தது. பிளேட்டு அன்றைக்கே அலமாரிக்குப் போனது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் சவரம் செய்யும்போதுதான் பார்த்தேன். முன்பல் ஒன்று வெளியே வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பிளேட்டைத் தேடி எடுத்து அழுத்தினேன். ஏறவில்லை, ஈறில் ரத்தம்தான் வந்தது.

மணவறையில் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். "மாப்ள, பொண்ணுதான கட்டுறீங்க, கொஞ்சம் சிரிங்க" என்று போட்டோக்காரர் கெஞ்சிப் பார்த்தார். பந்தியில் யார் பேச்சுக் கொடுத்தாலும் தலையை மட்டும் ஆட்டினேன். விவரம் தெரிந்த நாளாக நான் கிண்டல் பேசாமல் கழித்த நாள் அது ஒன்றுதான்.

மறுவீடு முடிந்து விருத்தாசலத்துக்குத் திரும்புகிற பஸ்ஸில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடியே அவள் கேட்டாள்.

"மாப்ளைக்குப் பொண்ணப் புடிக்கலன்னு எங்க வூட்டுல எல்லாரும் பேசிக்கிறாங்க. நெசமா?"

எட்டிப் பார்த்தேன், கண்கள் வீங்கியிருந்தன. அழுதிருக்கிறாள். நான் ஒரு பல்லை மறைக்கப் போக, இவளை ஊர் வாயில் விழ வைத்திருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது. அத்தனை பேர் இருக்கிற பஸ்ஸில் வாயை அகலத் திறந்து காட்டினேன்.

"பல்லு பழையபடி தூக்கிக்கிச்சு. அத மறைக்கத்தான் சிரிக்கல."

பக்கத்து சீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்தார். அவள் திரும்பி ஒரு தடவை பார்த்தாள்.

"பாத்தாச்சு, மூடுங்க."