சுவரோரம் வந்து பேசுங்க

ஊறுகாய் வாங்க வருபவரை அமலம்மாள் முதலில் தோளைப் பிடித்துத் திருப்பிச் சுவரோரம் நிறுத்துகிறார். பிறகு பித்தளைக் குழாயின் சிறிய முனையைத் தன் காதில் வைத்து, அகன்ற வாயை அவர் உதட்டருகே நீட்டுகிறார். "இப்ப சொல்லுங்க. கத்த வேணாம் லா."

ஜெலுத்தோங் சந்தையில் இவர் விற்பது ஜாதிக்காய் ஊறுகாய். ஐம்பதை நெருங்கும் வயது, மந்தமான காது, கழுத்தில் செபமாலை, வாயில் வெற்றிலை. பிடிக்காத பேரம் வந்தால் குழாய் மடிக்குப் போய்விடும்.

குழாயை வாங்கி வந்தவர் கப்பலில் வேலை செய்யும் தம்பி சூசை. வீட்டில் நன்றாகத்தான் கேட்டது. சந்தையில் வைத்துப் பார்த்த அன்று கோழியும் ரிக்‌ஷா மணியும் மீன்காரர் கூச்சலும் ஒன்றாகப் பாய்ந்தன. "பாசார் முழுக்க என் காதுக்குள்ள குடிவந்திருச்சு" என்று அதைக் கூடைக்கடியில் தள்ளிவிட்டார்.

மறுபடி எடுக்க வைத்தவள் பக்கத்து வீட்டு அன்னமேரி. தன் மகனுக்கு அமலம்மாள்தான் ஞானத்தாயாக வேண்டும் என்று வந்து நின்றாள்.

அமலம்மாளுக்குத் திக்கென்றது. முன்பு ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, அதற்காகப் பதில் சொல்ல வேண்டிய ஞானத்தாய் இவர்தான். அழுகைச் சத்தத்துக்கு நடுவே சாமியார் "பசாசை விட்டுவிடுகிறாயா?" என்று கேட்டார். இவர் காதில் விழுந்தது பாயசம். "அதெப்படி சாமி விடறது? எல்லாரும் குடிச்சிட்டுத்தான் போவணும்" என்றார். கோயிலே சிரித்தது. அதற்குப் பிறகு யாரும் அவரை ஞானத்தாயாகக் கூப்பிடவில்லை. அவரும் பின்வரிசையில் உட்காரப் பழகிக்கொண்டார்.

"எனக்கு நீங்கதான் வேணும் அக்கா. கேக்கறதுக்கு ஏதாச்சும் வழி பண்ணுங்க" என்றாள் அன்னமேரி.

வழி மழையோடு வந்தது. துணி வியாபாரி அப்துல் காதர் ஒதுங்கிச் சுவரில் சாய்ந்து பேச, குழாய் சுவரைப் பார்த்திருந்தது. இரைச்சலெல்லாம் அமலம்மாளின் முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டது. காதர் சொன்னது ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது. "அண்ணே, நவுறாதீங்க. இன்னும் பேசுங்க." பேச வேறொன்றும் தோன்றாமல், அவர் தன் கடையிலிருக்கும் சேலைகளின் நிறங்களையெல்லாம் சொல்லி முடித்தார்.

போன ஞாயிறு நானும் கோயிலில் இருந்தேன். நான்கு குழந்தைகள் ஒரே நேரத்தில் அழுதன. அன்னமேரியின் மகனை ஒரு கையில் ஏந்தியபடி அமலம்மாள் சொன்னார்: "சாமி, கொஞ்சம் சுவரோரம் வந்து பேசுங்க."

சாமியார் ஒரு கணம் விழித்தார். பிறகு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நகர்ந்து, சுவரில் முதுகை ஒட்டி, குழாய்க்குள் குனிந்து அதே கேள்வியைக் கேட்டார்.

"விட்டுவிடுகிறேன்."

பதில் தெரு வரை கேட்டிருக்கும். அன்னமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

தலையில் தண்ணீர் விழுந்ததும் பையன் வீறிட்டான். சுற்றி நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அமலம்மாள் குழாயை அவன் வாயருகே கொண்டுபோய், தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.